வாத்தியார் குரல்

பாட்டுப் பட்டியல் எழுதும் வேலையை நான் முதன்முதலில் செய்தது பன்னிரண்டாவது வயதில். வில்லியனூர்க் கடைத்தெருவில் அப்போது ஒரு கேசட்டுக் கடை இருந்தது. ஒரு காலிக் கேசட்டையும், நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் எழுதிய பாட்டு வரிசையையும் கொடுத்துவிட்டு வந்தால் மூன்று நாளில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. குட்டைப் பாட்டுகளாகப் பொறுக்கினால் ஏழு. ஏழாவது பாட்டு நடுவில் அறுந்து போகாமல் இருக்கக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பது. ஒரு சோகப் பாட்டுக்குப் பின்னால் இன்னொரு சோகப் பாட்டை வைத்தால் முதல் பாட்டின் சோகம் செத்துப் போகும். எதிர்வீட்டுச் சொல்தாக் கிழவர் பிரான்சிலிருந்த மகளைப் பார்க்கப் புறப்படும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுத்தான் பட்டியல் எழுதச் சொல்வார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன் நான். எனக்கு விமர்சனத்தில் ஏதாவது பயிற்சி உண்டென்றால் அது அந்தக் கேசட்டுக் கடையில் கிடைத்ததுதான். பொறுக்குவது முதல் வேலை; காரணம் சொல்வதெல்லாம் அப்புறம்.

கடை போய் வெகு காலம் ஆயிற்று. அந்த வேலையும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற மார்கழியில் பாகூர் ஏரிக்கு அந்தண்டைக் கிராமம் ஒன்றிலிருந்து நண்பர் ஒருவர் வந்தார். இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இப்போது குழு இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு மிக்ஸர், இரண்டு மைக், இரண்டு பெட்டி ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் கரோக்கி நடத்துகிறார்.

"காணும் பொங்கலன்னைக்கு எங்க ஊர்ல வெக்கறோம்ணா. நம்ம பாடகர் போய் ஒரு வருஷம் ஆவுது இல்ல, அதுக்காக. முழுக்க ராஜா பாட்டு. அதுலயும் ராஜா தன் கொரல்ல பாடினது மட்டும். நீங்க ஒரு பத்து பொறுக்கிக் குடுங்க. யாரு எதப் பாடலாம்னும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

பாடகர் என்று அவர் சொன்னவரை எனக்கும் தெரியும். பகலில் பஞ்சாலையில் வேலை, இரவில் மேடை என்று காலம் தள்ளியவர். மெல்லிசைக் குழுக்களில் அன்று ஒரு பாகப்பிரிவினை உண்டு. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் குரலுக்கு ஒருவர், ஜேசுதாஸ் குரலுக்கு ஒருவர், மலேசியா வாசுதேவன் குரலுக்கு ஒருவர். இளையராஜா தாமே பாடிய பாட்டுகளுக்கென்று ஒருவர் இருந்தாலொழிய அந்தக் குழுவை மதிக்க மாட்டார்கள். அந்த ஒருவர் இவர். இவருக்குச் சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவு என்பது உப கதை.

பட்டியலைப் பற்றிச் சொல்லுமுன் கரோக்கி என்னும் சமாசாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லின் தலைப்பகுதி. காலி வாத்தியக் குழு. 1971இல் கோபே நகரத்தில் டைஸுக்கே இனோவே என்பவர் நாணயம் போட்டால் பின்னணி இசை வரும் பெட்டிகள் பதினொன்று செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவருக்கும் முன்னால் 1967லேயே ஷிகேயிச்சி நெகிஷி அப்படி ஒரு பெட்டி செய்திருந்தார் என்பதும் உண்மை. இனோவேயின் கதை சுவாரஸ்யமானது. அவர் மதுக்கடைகளில் வாடிக்கைக்காரர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். பாடத் தெரியாத ஒரு முதலாளி இவர் வாசித்தால் மட்டும் சுமாராகப் பாடுவார். அவர் எங்கே தடுமாறுவார், எங்கே மூச்சு வாங்குவார் என்பது இனோவேக்குத் தெரியும். ஒரு நாள் வெளியூர் விருந்துக்கு உடன் வரும்படி முதலாளி கூப்பிட, இவருக்குப் போக முடியவில்லை. அந்த மனிதரின் தொண்டைக்கு ஏற்ற மாதிரி வாசித்து ஒரு நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த நாடாவில்தான் இந்த வியாபாரம் முழுவதும் ஆரம்பமாகிறது. இனோவே அதற்கு உரிமைப் பதிவு எதுவும் செய்துகொள்ளவில்லை. கோடிகள் கைவிட்டுப் போயின. 2004இல் அமெரிக்காவில் வேடிக்கைக்காக வழங்கும் 'இக் நோபல்' பரிசுகளில் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள மனிதர்களுக்குப் புது வழி காட்டியதற்காக என்று காரணம் சொன்னார்கள். கல்யாண மண்டபங்களில் கடைசிப் பந்தி வரை உட்கார்ந்தவர்கள் அதன் நியாயத்தை உணர்வார்கள்.

ஆக, முதல் நாடா ஒரே ஒரு மனிதனின் குறைகளை அறிந்து வெட்டப்பட்ட சட்டை. பிறகு வந்ததெல்லாம் ரெடிமேட். இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஜப்பானில் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுகிற மூத்த கலைஞர்கள் உண்டு. 1975இல் பாட ஆரம்பித்த மியூகி நகாஜிமா என்ற அம்மாள் அவர்களில் ஒருவர். நம் சினிமாவில் அந்த வழக்கம் கிடையாது. மெட்டு ஒருவர், சொல் ஒருவர், குரல் ஒருவர், வாயசைப்பு இன்னொருவர். நான்கு பேர் சேர்ந்து ஒரு மனிதனின் மனத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே நான்கில் மூன்றைத் தம் கையில் எடுத்துக்கொண்டவர் என்று இளையராஜாவைத்தான் சொல்ல முடியும். 1976இல் 'அன்னக்கிளி', 2016இல் 'தாரை தப்பட்டை' ஆயிரமாவது படம் என்று விளம்பரமாயிற்று, 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழு அவருடைய சிம்பொனியை வாசித்தது. இந்தப் பெருமைகளை ஜனங்கள் அறிவார்கள். அவர் பாடகர் என்பதை மட்டும் ஒரு உபரிச் செய்தியாக வைத்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஆசைக்குப் பாடிக்கொள்கிறார் என்று மன்னிக்கும் பாவனையில் பேசுகிறவர்களும் உண்டு. நானே ஒரு காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன்.

அந்தக் குரலில் என்ன இருக்கிறது? வழவழப்பு இல்லை. மேல் ஸ்தாயியில் போய் நின்று ஜாலம் காட்டாது. மூக்கோடு கொஞ்சம் உறவு உண்டு. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில், திறந்த வெளியில், ஆர்மோனியத்தோடு அலைந்த வயதில் பழகிய குரல். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்குக்கு அருகில் வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. ஆனால் மேடைப் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பிரித்து வைக்கும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு பத்து நாள் அந்தப் பாட்டுகளையே கேட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இது பாடகனின் குரல் அல்ல. பாட்டைச் சொல்லிக் கொடுப்பவனின் குரல்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது இங்கேதான். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. பாலர் நாடக சபைப் பையன்களுக்குப் பாட்டு எழுதி, பாடிக் காட்டி, பாட வைத்தவர். பாகூர்ப் பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்களிடம் இன்றும் வாத்தியார் என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம். வாத்தியார் பாடிக் காட்டும்போது சங்கதிகளை அள்ளிப் போட மாட்டார். போட்டால் பையன் அவருடைய சங்கதியைப் பிடித்துக்கொண்டு மெட்டை விட்டுவிடுவான். எலும்பை மட்டும் கொடுப்பார். சதையைப் பையன் போட்டுக்கொள்ள வேண்டும். பாலசுப்பிரமணியம் ஒரு பாட்டைப் பாடினால் அதில் பிறகு செய்வதற்கு ஒன்றும் பாக்கி இருக்காது. சிரிப்பு, பெருமூச்சு எல்லாம் அவரே போட்டு முடித்துவிடுவார். மற்றவனுக்கு நகல் எடுப்பதுதான் வழி. இளையராஜா பாடினால் பாதி வேலை மிச்சம் இருக்கும். பாடுகிறவனுக்கு விட்டு வைத்த பாதி அது. குறை என்று சிலர் சொல்வதும் அதைத்தான்.

இந்த அபிப்பிராயத்தை வைத்துக்கொண்டு பட்டியலுக்கு உட்கார்ந்தேன். பத்து எழுதி, அடித்து, ஐந்தில் வந்து நின்றது.

முதலில் அடித்தது எல்லோரும் முதலில் எழுதுகிற பாட்டு: 'தாய் மூகாம்பிகை'யில், 1982இல் வந்த கல்யாணி ராகத் துதி. நண்பருக்குக் கோபமே வந்துவிட்டது. அந்தப் பாட்டில்லாமல் ராஜா நிகழ்ச்சியா என்றார். அது மேடைக்கான பாட்டல்ல என்பது என் கட்சி. கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தால் பத்துப் பேர் கூடப் பாடுகிறார்கள். பாடுகிறவர் ஸ்ருதி விலகினாலும் யாரும் கவனிப்பதில்லை. கவனிப்பது பாவம் என்று நினைக்கிறார்கள். கைகூப்பிக்கொண்டு கேட்கும் பாட்டில் ரஸனைக்கு இடமேது? நவராத்திரிக்குக் கோயிலில் பாடட்டும். காணும் பொங்கலில் வேண்டாம்.

'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் பாட்டின் மகிமையைப் பற்றியே ஒரு பாட்டு பாடியிருக்கிறார். அதையும் அடித்தேன். அதில் வரும் 'நான்' இளையராஜாவாகவே இருந்தால்தான் பொருந்தும். ரேஷன் கடைக்காரர் அதைப் பாடினால் தற்பெருமையாகிவிடும். இப்படி ஆளோடு ஒட்டிக்கொண்ட பாட்டுகள் கரோக்கிக்கு உதவாதவை.

'ஆண் பாவம்' (1985) படத்துக் காதல் கசப்புப் பாட்டை யோசிக்காமலே சேர்த்துக்கொண்டேன். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நடக்கிற பாட்டு. குரலே இல்லாதவனும் பாடலாம். கொஞ்சம் குறும்பு இருந்தால் போதும். ஊரில் அதற்கு ஆள் தயாராக இருந்தது. பெயர் வேண்டாம், அவர் மனைவி இந்தக் கட்டுரையைப் படிக்கக் கூடும்.

அடுத்தது 'நாயகன்' (1987). அவருடைய நானூறாவது படம் என்பார்கள். அதில் நிலாவும் ஓடமும் வரும் பாட்டை எழுதியவரும் அவர், பாடியவரும் அவர். படத்தின் மற்றப் பாட்டுகள் புலமைப்பித்தன். இளையராஜாவின் சொற்களைக் கவிதை என்று நான் சொல்ல மாட்டேன். மெட்டு முதலில் வந்து உட்கார்ந்த பிறகு, அதன் மடியில் சொற்கள் வந்து உட்காருகின்றன. தனியே எடுத்துத் தாளில் எழுதிப் பார்த்தால் வெறும் விளையாட்டுப் பேச்சாக இருக்கும். ஆனால் வாயில் போட்டுப் பார்த்தால் தெரியும்: ஒரு எழுத்துக் கூட நாக்கில் இடறாது. புலவர் எழுதிய சொற்களுக்கு இல்லாத சௌகரியம் இது. நரம்பைக் குப்பத்துப் பையன்கள் நால்வர் இதைச் சேர்ந்து பாடட்டும் என்று குறித்தேன்.

எங்கள் பக்கத்துப் பாலசுப்பிரமணியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கொம்யூனிலும் ஒருவர் இருப்பார். எங்களுடையவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். நல்ல சாரீரம், நல்ல உழைப்பு. ராஜா பாடிய பாட்டில் ஒன்றைப் பாடச் சொன்னதற்கு, "இதுல நான் காட்டறதுக்கு ஒண்ணும் இல்லியே சார்" என்றார். இதைவிடச் சரியான விமர்சன வாக்கியம் ஒன்றை நான் சமீபத்தில் கேட்டதில்லை. அவரையும் விட்டுவிட மனம் இல்லை. 'இதயக் கோவில்' (1985) படத்தில் கோவிலை இதயத்தோடு ஒப்பிடும் அந்தப் பாட்டின் சொற்கள் இளையராஜாவுடையவை. பாலசுப்பிரமணியம் பாடிப் பிரசித்தமாயிற்று. அதை அவருக்கு எழுதினேன்.

நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது எஸ்.பி.பி. பாட்டாச்சேண்ணா" என்றார்.

"மெட்டு அவருது, சொல்லு அவருது. பாட்டு மட்டும் வேற ஆளோடதா?" என்றேன்.

"அப்ப நமக்கும் நோட்டீசு வருமா?" என்று சிரித்தார்.

2017 மார்ச்சில் நடந்ததைத்தான் சொன்னார். பாலசுப்பிரமணியம் தம் ஐம்பதாண்டு நிறைவுக்காக வெளிநாடுகளில் பாடிக்கொண்டிருந்தபோது, அனுமதியின்றித் தம் பாட்டுகளை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. பின்னால் 2019இல் இருவரும் ஒரே மேடைக்கு வந்தார்கள்; 2020 செப்டம்பரில் பாலசுப்பிரமணியம் மறைந்தார். உழைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுதிப் பிழைக்கிறவன் வேறு மாதிரி பேச முடியாது. என் கதைகளைக் கேட்காமல் எடுத்துப் போட்டவர்கள் உண்டு, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ஜனங்களைப் புண்படுத்தியது பணக் கணக்கு அல்ல. பாட்டு யாருடையது என்று அவர்கள் அதுவரை யோசித்ததே இல்லை. தங்களுடையது என்று இருந்துவிட்டார்கள். கேசட்டுக் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்த நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான்காவது பாட்டு 'அவதாரம்' (1995). நாசர் எடுத்த படம். பார்வையற்ற பெண்ணுக்கு ஒருவன் உலகத்தின் நிறங்களைச் சொல்லித் தருகிற கட்டம். இளையராஜாவும் ஜானகியும் பாடியது. வாத்தியார் குரல் என்று நான் சொல்வது இந்தப் பாட்டில் கதையாகவே நடக்கிறது. ஜானகி வியக்கிறார், கேட்கிறார், நீட்டுகிறார். இவர் பதில் மட்டும் சொல்கிறார். வேறு யாராவது பாடியிருந்தால் அந்தப் பதில்களில் காதல் வழிந்திருக்கும், பாட்டு கெட்டிருக்கும். இதை நான் ஒரு ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரு அங்கன்வாடி அம்மாளுக்கும் கொடுத்தேன். ஆசிரியருக்குக் குரல் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் ஒன்றாம் வகுப்பில் கத்திக் கத்திப் போனது போனதுதான். நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஐந்தாவது பாட்டில்தான் தகராறு. 'நாயகன்' படத்திலேயே தென்பாண்டிச் சீமையைச் சொல்லி வரும் அந்தத் தாலாட்டு மாதிரிப் பாட்டு. இறந்துபோன பாடகர் அந்த ஒரு பாட்டுக்காகவே எங்கள் பக்கத்தில் நினைக்கப்பட்டவர். திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாக் கச்சேரிகளில் இரவு ஒரு மணிக்குமேல் அதைப் பாடுவார். அதை அவருடைய மகன்தான் பாட வேண்டும் என்று ஊரில் முடிவாகியிருந்தது. மகனுக்கு இருபத்திரண்டு வயது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலை. மேடை ஏறியதில்லை.

பாட்டு இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று இளையராஜா பாடியது. மற்றொன்று கமல்ஹாசன் பாடியது. கமல் பாடுவது பாத்திரத்தின் உள்ளிருந்து. துக்கப்படுகிறவனே பாடுகிறான், தொண்டை அடைக்கிறது. நடிப்பென்ற அளவில் நேர்த்தியானது. கரோக்கிக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள், அழுது காட்டலாம் என்பதற்காக. இளையராஜா பாடுவதில் பாடுகிறவன் அழவில்லை. வெளியே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு உள்ளே அழுகிறவனுக்காகப் பாடுகிறான். எது உயர்ந்தது என்று இரண்டையும் தட்டில் வைத்து நிறுக்க நான் தயாரில்லை. ஆனால் தகப்பனை இழந்த பையன் ஒருவன் ஊர் நடுவே பாட வேண்டுமானால், அவனுக்கு அழுகிற பாட்டைக் கொடுக்கக் கூடாது. திண்ணைப் பாட்டுத்தான் அவனைக் காப்பாற்றும். இது என் முடிவு.

ஒத்திகைக்குப் போயிருந்தேன். நண்பர் வீட்டு மாடியில் கூரைக் கொட்டகை. சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் எழுத்துகள் வெள்ளையாக வந்து, நேரம் ஆக ஆக மஞ்சளாக மாறிக்கொண்டே போகும். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். லகரம் ளகரம் ழகரம் மூன்றும் ஒரே குட்டையில் ஊறிக் கிடந்தன. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். தம் கையெழுத்தில் பாட்டை எழுதி எடுத்து வந்திருந்தார்.

டிராக் என்னும் அந்தப் பின்னணி இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளையராஜாவின் பாட்டில் காலி வாத்தியக் குழு என்பது காலியாகவே இருப்பதில்லை. பாட்டின் நடுவே வரும் இடையிசை சில சமயம் முக்கால் நிமிஷம் ஓடும். நரசிம்மனின் வயலின், நெப்போலியனின் புல்லாங்குழல், சசிதரனின் பேஸ் கிடார் என்று பெயர் சொல்லிக் கேட்கிற இசை அது. அந்த முக்கால் நிமிஷமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிராமத்து மேடையில் நிற்கிறவனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர் சும்மா கை தட்டச் சொல்லி ஜனங்களை வேண்டுகிறார்கள். கணக்கர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதை அவர் பாலசுப்பிரமணியத்திடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை, சொந்தம். கடைகளில் விற்கும் டிராக்குகளில் பல மூல இசையே அல்ல. யாரோ ஒருவர் தனியாகக் கீபோர்டில் உட்கார்ந்து போலி செய்தது. பேஸ் கிடார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஸ்வரம் தட்டிக்கொண்டிருக்கும். நண்பர் அதைக் கேட்கும்போதெல்லாம் விரல்களை மேஜையில் அழுத்துவார். சரியான இடம் அவர் விரலுக்குத் தெரியும்.

பையன் பாடினான். அப்பாவைப் போலவே பாடினான். அப்பா ராஜாவைப் போலப் பாடினவர். ஆக இது நகலின் நகல். அந்த மூக்குக் குரலை வலிய வரவழைத்து, அப்பாவின் ஸ்ருதியில் எட்டிப் பிடிக்கப் பார்த்து, இரண்டாவது கண்ணியில் மூச்சு முட்டி நின்றுவிட்டான். டிராக் நிற்கவில்லை. எழுத்துகள் தம் பாட்டுக்கு மஞ்சளாகிக்கொண்டே போயின. பாட்டுக்காரன் இல்லாமல் பாட்டு போவதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

"எங்க குழுவுல இருந்தா ஒரு சுத்து அதிகமா வாசிச்சு நிறுத்தி வெச்சிருப்போம்ணா. அவரே எத்தனயோ வாட்டி வரிய மறந்திருக்காரு. ஜனத்துக்குத் தெரியாது. இது காத்திருக்காது" என்றார் நண்பர்.

நான் சொன்னது இரண்டே விஷயம். ஸ்ருதியை இறக்கு, அப்பாவை விட்டுவிடு. இரண்டாவதைச் சொன்னதும் பையன் முகம் மாறிவிட்டது. அப்பாவுக்காக நடத்துகிற நிகழ்ச்சியில் அப்பாவை விட்டுவிடச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பாட்டை இளையராஜா பாடிக் காட்டியது நகல் எடுக்க அல்ல என்று பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தவன், அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என்ன அபிப்பிராயம்? ஸ்ருதியை இறக்கினால் அப்பா நினைவு வராது, ஜனங்கள் கைதட்ட மாட்டார்கள் என்று நண்பர் வாதாடினார். தட்டாவிட்டால் போகட்டும் என்றேன். பையன் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போய்விட்டான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கதையில் பாத்திரத்தைக் கொல்லும்போதுகூட இவ்வளவு சங்கடப்பட்டதில்லை.

காணும் பொங்கலன்று பள்ளிக்கூடத் திடலில் நல்ல கூட்டம். கசப்புப் பாட்டுக்காரர் இரண்டு தடவை பாட வேண்டியதாயிற்று. குப்பத்துப் பையன்கள் நால்வரும் நாலு ஸ்ருதியில் பாடினார்கள். அந்தப் பாட்டு அதையும் தாங்கிக்கொண்டது. கணக்கர் பிரமாதப்படுத்தினார், எதிர்பார்த்தபடியே. ஆசிரியர் பாடியதைப் பற்றி எப்படிச் சொல்வது? அவர் பாடவில்லை. அங்கன்வாடி அம்மாள் கேட்கக் கேட்க, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்வதுபோல் மெட்டின் ஓரமாகவே நடந்து பதில் சொன்னார். குரல் இல்லாததால் கத்தவில்லை. கத்தாததால் சொல் கேட்டது. திடலில் குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்தின. நண்பர் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். மார்கழியில் பார்த்த பார்வை அல்ல.

கடைசியில் பையன் வந்தான். டிராக் ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரைக் கட்டை இறங்கியிருந்தது. அது மட்டுமல்ல, முதல் கண்ணி முடிந்து இரண்டாவது வர வேண்டிய இடத்தில் இசை வரவில்லை. ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டு நின்றது. பையன் மூச்சை இழுத்து, எச்சில் விழுங்கி, நிதானமாக ஆரம்பித்தான். அவனுடைய சொந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் தடித்த குரல். முதல் கண்ணி நன்றாக இல்லை. இரண்டாவது நன்றாக இருந்தது. மூன்றாவதில் மறுபடி அப்பா எட்டிப் பார்த்தார், உடனே போய்விட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா கடைசி வரை நிமிர்ந்தே இருந்தாள். கைதட்டல் குறைவுதான். நண்பர் சொன்னது அந்த மட்டில் சரி.

பிறகு விசாரித்தேன். நான்கு இரவு உட்கார்ந்து டிராக்கை வெட்டியிருக்கிறார். பையனைத் தினமும் ஷிஃப்டு முடிந்ததும் கூப்பிட்டுப் பாட வைத்து, எங்கே மூச்சு வாங்குகிறான் என்று பார்த்து, அங்கங்கே இசையை ஒட்டிச் சேர்த்திருக்கிறார். போலி பேஸ் கிடாரை எடுத்துவிட்டுத் தம் கையால் வாசித்துப் பதிந்திருக்கிறார். கீபோர்டை விற்றுவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன்? பரண் மேல் இருந்ததாம். இனோவே கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை, அன்று சொன்னேன். அந்த முதலாளி அன்றைக்கு நல்லா பாடினாரா என்று மட்டும் கேட்டார்.

மாசி மாதம் வில்லியனூரிலிருந்து ஒரு விழாக் குழுவார் நண்பரிடம் வந்தார்கள். காணும் பொங்கல் நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டு, அதே பட்டியல், அதே டிராக்குகள் வேண்டும் என்றார்களாம். நான்கைக் கொடுத்தார். ஐந்தாவதைக் கொடுக்கவில்லை.

"அது அந்தப் பையன் மூச்சுக்கு வெட்டினதுங்க. வேற ஆளு பாடினா நடுவுல நின்னு முழிப்பாரு. உங்க ஆளக் கூட்டிட்டு வாங்க, பாடச் சொல்லிப் பாத்துட்டு வேற வெட்டித் தரேன்" என்றாராம்.

அவர்கள் இன்னும் ஆளைக் கூட்டி வரவில்லை.